டெண்டரில் நான் அடிக்க மறுத்த பக்கம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால் கெட்ட காரியங்கள் பல, உருப்பட்டது ஒன்று. அந்த ஒன்றைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே இல்லை.

ஐம்பதுகளின் கடைசி. புதுக்கோட்டையில் சர்க்கார் இன்ஜினியர் ஆபீஸ் ஒன்றில் தற்காலிக டைப்பிஸ்டாக இருந்தேன். பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் அனுப்பிவிடலாம். வீட்டிலும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். வேலை போனால் உடனே கல்யாணம் என்று அப்பா சொல்லியிருந்தார்.

அப்போது வறண்ட ஊர்களில் ஆழ்துளைக் கிணறு போட வெளிநாட்டு வளர்ச்சி வங்கி ஒன்று கடன் தர ஒப்புக்கொண்டிருந்தது. துளை போடும் மெஷினுக்கு எந்த நாட்டுக் கம்பெனியும் டெண்டர் போடலாம் என்பது வங்கியின் நிபந்தனை. எங்கள் ஊர் மண் எப்படி என்று நாங்கள் எழுதுவதை நம்பித்தான் அவர்கள் மெஷின் அனுப்புவார்கள்.

அந்த டெண்டர் பத்திரத்தை ஸ்டென்சிலில் அடித்துக்கொண்டு வந்தபோது ஒரு பக்கத்தில் கை நின்றுவிட்டது. பூமியின் தன்மை மணலும் களிமண்ணும் என்றிருந்தது. ஆற்றங்கரை ஊர் எதற்கோ போட்ட பழைய டெண்டரைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டார்கள். நான் கந்தர்வக்கோட்டைப் பக்கத்துக்காரி. எங்கள் முந்திரிக் கொல்லையில் இரண்டு முழம் தோண்டினால் செம்பராங்கல், அதற்குக் கீழே பாறை. கிணறு வெட்ட அப்பாவுக்கு மூன்று கோடை ஆயிற்று.

தாளோடு இன்ஜினியர் அறைக்குப் போனேன்.

"இதை நான் அடிக்க மாட்டேன் சார். மணல் தோண்டுற மெஷின் வந்து எங்க ஊர்ல என்ன பண்ணும்?"

"அடிக்கத்தாம்மா ஒனக்குச் சம்பளம். மண்ணை ஆராய்ச்சி பண்ண இல்ல."

"நம்பலைன்னா எங்க கொல்லைக்கு வாங்க. கடப்பாரைய நீங்களே போட்டுப் பாருங்க."

சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். இரண்டு நாள் அவர் என்னைக் கூப்பிடவில்லை. வேலை போயிற்று என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் ஜீப்பில் ஏறச் சொன்னார். எங்கள் கொல்லையில் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கடப்பாரையைப் போட்டார். கால் மணி நேரத்தில் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அப்பா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "அந்தப் பக்கத்தை நீயே எழுதும்மா, நான் பாத்துத் தர்றேன்" என்றார். பெரிய மனுஷர். நான் எழுதியதில் இரண்டே வார்த்தை மாற்றினார்.

மறு வருஷம் கப்பலில் வந்து லாரி ஏறி மெஷின் எங்கள் ஊருக்கே முதலில் வந்தது. கூட வந்த வெள்ளைக்கார மெக்கானிக், மணல் என்று எழுதியிருந்தால் வேறு மெஷினைத்தான் அனுப்பியிருப்போம் என்று இன்ஜினியரிடம் சொன்னார். மூன்று நாள் ஊரெல்லாம் பாறைத் தூள். அப்புறம் தண்ணீர் பீறிட்டது.

அப்பா கூட்டத்தைப் பார்த்து, "இந்த மெஷினை ஆர்டர் போட்டு வரவழைச்சதே எம் மகதான்" என்றார். நான் எழுதியது ஒரு பக்கம். ஆனாலும் அவரைத் திருத்தவில்லை.

அடுத்த வாரம் இலுப்பூரிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். அப்பா அவர்களுக்குக் காப்பி கொடுத்து, "புள்ளைக்கு ஆபீசுல வேலை கெடக்கு, அப்பறம் பாப்பம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.