முற்றுகைப் படங்களுக்கு நூறு சொற்கள்

மத்திய லண்டனில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் அறை பார்த்துக்கொள்வது என் வேலை. படங்களை யாரும் தொடாமல் பார்க்க வேண்டும். கழிப்பறைக்கு வழி கேட்டால் சொல்ல வேண்டும். சென்ற வசந்தத்தில் என்னை முற்றுகைப் படங்கள் இருக்கும் அறைக்கு மாற்றினார்கள்.

இந்த நாட்டில் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரின் படங்கள் அவை. செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்தவை. எல்லாவற்றிலும் ஓவியர் மேட்டில்தான் நிற்கிறார், தளபதியின் குதிரைக்குப் பக்கத்தில், காற்றோட்டமான இடத்தில். பீரங்கிப் புகை பஞ்சு உருண்டை போல இருக்கிறது. குண்டு போகும் பாதையைக்கூட அழகாகப் புள்ளி வைத்துக் காட்டியிருக்கிறார். கீழே முற்றுகையிடப்பட்ட ஊர், தீப்பெட்டி அளவில். அதற்குள் ஓர் ஆள்கூட இல்லை.

நான் அப்படியொரு ஊருக்குள் இருந்தவள், இலங்கையின் வன்னியில், போரின் கடைசி மாதங்களில். இது அந்தப் படங்களைக் கண்காட்சியாக அமைத்துக்கொண்டிருந்த இளம் பெண்ணுக்கு எப்படியோ தெரியவந்தது. முனைவர் பட்டம் பெற்றவர், இனிமையாகப் பேசுவார். உங்கள் குரல் எங்களுக்கு வேண்டும், நூறு சொற்களில் எழுதித் தாருங்கள், படங்களுக்குப் பக்கத்தில் பலகையில் வைக்கிறோம் என்றார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. வீடு இருக்கும் ஹவுன்ஸ்லோவிலிருந்து வரும் ரயிலில் ஒரு வாரம் எழுதி எழுதி வெட்டினேன்.

நடந்ததை எழுதினேன். கழிப்பறைக்கு நின்ற வரிசையில் ஷெல் குண்டு விழுந்தது, மிஞ்சியவர்கள் திரும்பவும் அதே வரிசையில் நின்றது. என் கூடப்பிறந்த அண்ணை இறந்தபோது வெளியே கொண்டுபோக முடியாமல் நாங்கள் பதுங்கியிருந்த பங்கர்க் குழிக்குள்ளேயே அவரை மூடிவிட்டு, பக்கத்தில் எங்களுக்கு வேறொன்று வெட்டியது.

அவர் படித்துவிட்டுக் கண் கலங்கினார். பிறகு, குடும்பங்கள் வரும் இடம், பிள்ளைகள் பயப்படுவார்கள், மனவுறுதி பற்றி ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டார். பிள்ளைகளின் கண்மட்டத்திலேயே தலையில்லாத சிப்பாய் ஒருவன் கிடக்கும் படம் மாட்டியிருக்கிறது. அது கலையாம். நான் ஒரு வரியும் சேர்க்கவில்லை.

திறப்பு விழாவன்று பலகையைப் பார்த்தேன். அண்ணை இல்லை. வரிசையும் இல்லை. "அந்த இருளிலும் நாங்கள் நம்பிக்கையை இழக்கவில்லை" என்று இருந்தது. நான் எழுதாத வரி. எங்களிடம் உப்பே இருக்கவில்லை, நம்பிக்கைக்கு எங்கே போவது?

வைன் கிண்ணத்தோடு வந்த ஒரு சீமாட்டி அதைப் படித்துவிட்டு, மனதைத் தொடுகிறது என்று என்னிடமே சொன்னார். அது நான் எழுதியதல்ல என்றேன். அப்படியானால் என்ன எழுதினீர்கள் என்று கேட்டார். சொன்னேன், அண்ணையை மூடியதையும் சேர்த்து. அவர் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு தன் கணவரைத் தேடிப் போனார்.

வீட்டில் என் கணவரிடம், பலகையைக் கழற்றச் சொல்லப் போகிறேன் என்று சொன்னபோது, விமான நிலையத்தில் பெட்டி தூக்கிய களைப்போடு கால் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஒரு பலகைதானே. ஓம் எண்டு சொல்லிப்போட்டுப் பேசாமல் இரும். வேலை போனால் என்ன செய்யிறது?"

"ஏலாது," என்றேன். "அண்ணையை ரெண்டாந்தரம் மூட என்னால ஏலாது."

மறுநாள் நான் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலில் ஆங்கிலப் பிழை பார்த்துத் திருத்தித் தந்தவர் அவர்தான்.

மூன்றாவது மின்னஞ்சலுக்குப் பிறகு பலகையைக் கழற்றினார்கள். என் உணர்வுகளை மதிப்பதாகக் கடிதம் வந்தது. அந்த இடத்தில் இப்போது பீரங்கிகளின் எடையும் நீளமும் எழுதிய அட்டவணை. அதைப் படித்து யாரும் பயப்படுவதாகத் தெரியவில்லை.

நானாகவே கேட்டுப் பீங்கான் அறைக்கு மாறிக்கொண்டேன். முற்றுகைப் படங்கள் எங்கே என்று கேட்பவர்களுக்கு, இடப்பக்கம் இரண்டாவது கதவு என்று சொல்லி அனுப்புகிறேன்.