சகாயராணி அளவு சொல்லாத பை

1986ஆம் ஆண்டு ஜூலை பதினான்காம் தேதி, திங்கட்கிழமை, காலை பதினொரு மணி. தாராவியில் மன்சூர் அலியின் தோல்பைப் பட்டறைக்குள் சகாயராணி முதன்முறையாகக் காலெடுத்து வைத்தபோது, அங்கே ஒருவரும் வேலை செய்துகொண்டிருக்கவில்லை. நோயாளியின் கட்டிலைச் சுற்றி நிற்பவர்களைப் போல எல்லோரும் ஒரே ஒரு தையல் மெஷினைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

“பாய், எனக்கு ஒரு பை தைக்கணும். உள்ள நாலு அறை வேணும்” என்றாள் அவள், குடையை மடக்கிக்கொண்டே. அவள் தோளில் தொங்கிய துணிப்பை மழையில் நனைந்து கனத்திருந்தது.

“இன்னிக்கு ஆகாதும்மா, நாளைக்கு வா” என்றார் மன்சூர் அலி. “நாளைக்குப் பட்டறை இருந்தா தைப்போம்.”

அவர் மிகைப்படுத்தவில்லை. அது ஜப்பான் மெஷின். முந்தைய ஆண்டு பழையதாக வாங்கியது. ஒரு பூங்கொடி டிசைனைத் தன் நினைவில் வைத்துக்கொண்டு, பைக்குப் பை அதைத் தானே தைக்கும். அந்தக் கொடியை ஒவ்வொரு தையலாகப் பொத்தான் அழுத்தி மெஷினுக்குள் ஏற்றிய அப்துல் ரவூப் சவுதிக்குப் போய்விட்டார். வேறெங்கும் அதற்கு நகல் கிடையாது. அந்தக் கொடி போட்ட பைகளைத்தான் டெல்லி வியாபாரி கேட்டிருந்தார். அதை நம்பித்தான் மன்சூர் அலி பக்கத்து அறையையும் பிடித்து, ஊரிலிருந்து ஆட்களை வரவழைத்திருந்தார்.

மெஷினை அணைத்த பிறகும் அந்த நினைவைக் காத்துவந்தது கட்டைவிரல் அளவுள்ள ஒரு லித்தியம் செல். சனிக்கிழமை மெஷினின் மூடியைத் திறந்து பஞ்சும் தூசியும் துடைக்கும்போது, அந்தச் செல்லின் தலையில் பற்றவைத்திருந்த மெல்லிய தகடு பட்டறை ஆள் உதுமானின் கைபட்டுப் பிய்ந்துவிட்டது. அப்போது மெஷினுக்கு மின்சாரம் வந்துகொண்டிருந்ததால் கொடி தப்பியது. அன்றிலிருந்து யாரும் அதை அணைக்கத் துணியவில்லை. எலக்ட்ரானிக் சாமான் விற்கும் லேமிங்டன் ரோட்டில் விசாரித்தார்கள். அந்தச் செல் வெளிநாட்டிலிருந்து வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். இப்போதோ மழை வலுத்துக்கொண்டிருந்தது. சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறினால் லைன்காரர்கள் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். வாசற்படிக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் வந்துவிட்டது.

சகாயராணி குனிந்து பார்த்தாள். பிறகு முகர்ந்தும் பார்த்தாள்.

“இதுல என்னத்த ஒட்டுனீங்க?”

“சொலூஷன்தான்” என்றான் உதுமான் பெருமையாக. தோல், செருப்பு, ஒழுகும் கூரை, பிள்ளைகளின் பாடப்புத்தக அட்டை என்று அந்தப் பட்டறையில் ரப்பர் சொலூஷன் பசை ஒட்டாத பொருளே இல்லை. “பிடிச்சா விடாதுக்கா. இழுத்துப் பாரும்.”

“பிடிச்சிருக்கு, இல்லேங்கல. கரண்டு எப்படி அண்ணாச்சி தாண்டும்? ரப்பருக்குள்ள நீச்சலடிச்சா?”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். “யாருல அங்க பல்லக் காட்டுறது?” என்று உதுமான் திரும்பி முறைத்தான். மன்சூர் அலிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் கையில், யாரிடமோ இரவல் வாங்கிய, ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் புகைந்துகொண்டிருந்தது.

“ஈயம் வச்சு ஒரு தொடு தொட்டா முடிஞ்சுதுல்ல?”

“தொட்டா நீங்களும் முடிஞ்சீங்க பாய். உள்ள இருக்கது லித்தியம். சூடு ஏறுனா வெடிக்கும். அந்தக் கோல மொதல்ல தள்ளி வைங்க.”

“நீ யாரும்மா, இவ்வளவு சொல்லுதே?”

அவள் தூத்துக்குடிக்காரி, செம்பூரில் குடியிருந்தாள். அந்தேரியில் ஒரு கடிகாரக் கம்பெனியில், இதுபோன்ற செல்களுக்குத் தனி மெஷினால் தகடு பற்றவைக்கும் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். கம்பெனி மூடியதும், “வீட்டில் இரு” என்ற கணவன் தனசீலனிடம், “இருக்கேன், ஆனா மேஜையோட இருக்கேன்” என்று சொல்லி ஒரு மேஜை வாங்கிப் போட்டாள். மாட்டுங்காக் கடைகளில் கெட்டுப்போன கால்குலேட்டர்களையும் கடிகாரங்களையும் வாங்கிவந்து சரிசெய்து கொடுத்தாள். பை வேண்டும் என்றது அந்தக் கருவிகளுக்காகத்தான்.

மன்சூர் அலி அவளைப் பார்த்தார், வாசற்படியைப் பார்த்தார். முன்பின் தெரியாத ஒருத்தியின் கையில் பட்டறையையே கொடுப்பதா என்று மனம் அடித்துக்கொண்டது. தண்ணீர் இன்னும் நான்கு விரல் ஏறியிருந்தது.

“பிஸ்மில்லா. பாரும்மா” என்றார்.

“ஒட்டுனவரே முதல்ல உரிக்கட்டும்” என்றாள் அவள்.

உதுமான் காய்ந்த சொலூஷன் உருண்டை ஒன்றை எடுத்தான். தோலில் வழிந்த பசையை எடுக்க அவர்கள் வைத்திருப்பது அது. செல்லின் தலையில் அதை அவன் மெல்ல உருட்ட, பசை முழுதும் உருண்டையோடு போய் உலோகம் பளிச்சென்று தெரிந்தது. சகாயராணி பெட்டிகளைத் துழாவி, கைப்பைக்கு வைக்கும் பித்தளை டிச் பட்டன் ஒன்றை எடுத்தாள். செல்லிலிருந்து விலகி, அடுத்த மேஜையில் அதற்கு ஒரு ஒயரை ஈயம் வைத்துப் பிடித்து, பட்டன் ஆறும்வரை காத்திருந்தாள். பட்டனின் விளிம்பு செல்லின் உடலில் பட்டால் மொத்தமும் வீணாகிவிடும். அதைத் தடுக்க உதுமான் மெல்லிய தோலில் ஒரு வளையம் வெட்டி இடையில் வைத்தான். இருவருமாகத் தோல்வார் ஒன்றைச் செல்லின் நீளவாக்கில் சுற்றி, பட்டன் செல்லின் தலையை அழுத்தும்படி பக்கிள் போட்டு இறுக்கினார்கள். பிறகு ஒயரின் மறுமுனையை அவள், பிய்ந்த தகட்டிலிருந்து மெஷினுக்குள் போகும் ஒயரோடு சேர்த்துத் திருகினாள். செல் இணைப்பு இல்லை என்று சனிக்கிழமையிலிருந்து மெஷினில் மின்னிக்கொண்டிருந்த சிவப்பு விளக்கு அணைந்தது.

“பட்டனும் பக்கிளும் போட்டாச்சு” என்றான் உதுமான். “இனி ஜிப்பு ஒண்ணுதான் பாக்கி.”

அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் பட்டறை இருண்டது. “லைட் கயா!” என்று சந்து முழுவதும் குரல் எழுந்தது.

மாலைவரை மின்சாரம் வரவில்லை. சகாயராணியும் போகவில்லை, போக வழியும் இல்லை. மன்சூர் அலி பீப்பாயின் மேல் உட்கார்ந்து உதடுகளை அசைத்தபடியே இருந்தார். கொடுத்த டீ ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. விளக்குகள் எரிந்தபோது மெஷினைப் போட அவர் கை எழவில்லை. “நீயே போடும்மா” என்றார்.

அவள் போட்டாள். ஒரு துண்டுத் தோலின்மேல் ஊசி இறங்கியது. முதலில் ஒரு இலை, பிறகு தண்டின் வளைவு, அதன் முனையில் மொட்டு. அப்துல் ரவூப் ஏற்றிவிட்டுப் போன கொடி ஒரு தையலும் பிசகாமல் விரிந்தது. மன்சூர் அலி அந்தத் தோல்துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“அந்த நாலறைப் பை என் கடன், தங்கச்சி. காசுப் பேச்சு எடுத்தா எனக்குக் கோபம் வரும். அளவ மட்டும் சொல்லு.”

சகாயராணி சொல்ல வாயெடுத்தாள். ஏதோ நினைத்துக்கொண்டு நிறுத்தினாள்.

“அடுத்த மாசம் கரண்டு பாக்குற பெரிய மீட்டர் ஒண்ணு வாங்கப் போறேன் பாய். இப்ப அளவு சொன்னா அது உள்ள போகாது. பொறவு சொல்லுதேன்.”

அன்றே மன்சூர் அலி நல்ல பழுப்புத் தோல் ஒன்றைத் தேர்ந்து, சுருட்டி, பரணில் தனியே வைத்தார். புதுச் செல் வந்தது. அதை மாட்டவும் அவளேதான் வந்தாள். அளவு கேட்டபோது, “மீட்டர் வாங்கிட்டேன், இப்ப டேபிள் லென்ஸ் பாத்து வச்சிருக்கேன்” என்றாள். பக்கத்துப் பட்டறைகளில் அதுபோன்ற மெஷின்கள் வர வர, அவளுக்கும் வேலை பெருகியது. வேலையோடு கருவிகளும் பெருகின. ஒவ்வொரு முறையும் அளவு தள்ளிப்போனது.

1989இல் செம்பூரில் அவள் சொந்தமாகக் கடை திறந்தாள். பெயர்ப்பலகையைத் தனசீலனே ஏணியில் ஏறி மாட்டினான். மிட்டாய்ப் பெட்டியோடு வந்த மன்சூர் அலி, “இன்னிக்காவது அளவு சொல்லு. தோல் காயுது” என்றார்.

சகாயராணி கடையின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் அகல விரித்தாள். “இவ்வளவும் கொள்ளுற மாதிரி தைப்பீங்களா பாய்?”

“நாலு அறைக்குத்தானே ஒத்துக்கிட்டேன்!” என்றார் அவர், சிரிப்பை அடக்கமாட்டாமல்.

அதன்பிறகும் அவள் அளவு சொல்லவில்லை. நல்ல விலைக்குக் கேட்டு வந்தவர்கள் உண்டு. மன்சூர் அலி அந்தப் பழுப்புத் தோலை மட்டும் கத்தரியிடம் கொடுக்கவில்லை.