நின்ற தறியைத் துடைத்த அக்கா

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். திருத்தணியில் மலைக்குக் கீழே எங்கள் வீட்டில் இரண்டு தறி ஓடும். நான் ஐந்தாம் வகுப்பு. நூலுக்குக் கட்டுப்பாடு வந்து, கடையில் எங்களுக்குத் தருவதை நூற்றுக்கு ஐம்பது குறைத்துவிட்டார்கள். ஒரு தறி நின்றது. அதில் நெய்துகொண்டிருந்த என் அக்கா வீட்டுக்காரர், மெட்ராஸில் ஒரு மில்லில் வேலைக்குப் போய்விட்டார். அக்கா அப்போது மாசமாக இருந்தாள்.

ஆடிக் கிருத்திகை நெருங்கும் சமயம். நைனா நூல் கடையிலிருந்து வேகமாக வந்தார். "இப்ப தர்றதுக்கு மேல நூத்துக்கு அம்பது ஏத்திட்டாங்க! கொறைச்சது திரும்பிடுச்சி. வேலைய வுட்டுட்டு வரச் சொல்லி மாப்பிள்ளைக்கு கார்டு போட்டுடறேன்" என்றார்.

அக்கா உடனே ஒரு கந்தலை எடுத்து, நின்ற தறியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஏனென்றால் அதே மாதிரிக் கணக்குக்கு, 'பழையபடி ஆகிவிடும்' என்று சொல்லி, அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் முட்டி போட்டிருந்தேன். எதில் ஐம்பது என்று முதலில் பார்க்கச் சொல்லி வாத்தியார் திட்டியிருந்தார்.

நான் வீட்டிலேயே வாய் திறக்காதவள். எப்படிச் சொல்வதென்று தெரியாமல், நூல் சுற்றும் தார்க்குச்சி பத்தை நைனா எதிரில் அடுக்கினேன். ஐந்தை எடுத்தேன். மீதி ஐந்தோடு இரண்டும், உடைந்த ஒரு பாதிக் குச்சியும் சேர்த்து வைத்தேன்.

"இன்னாடி, வெளையாடிகினு?"

"இப்ப தர்றதுலதான் பாதி ஏறுது நைனா. பழசுல இல்ல."

நைனா குச்சிகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். "ஆங்... அப்ப ரெண்டாவது தறி பாதி நாள் சும்மா கெடக்கும். அத நம்பியா ஒரு மனுசன வேலைய வுடச் சொல்றது?" என்று எழுந்து போய்விட்டார். கார்டு எழுதவில்லை.

"உன்ன யாருடி கேட்டாங்க?" என்றாள் அக்கா. துடைத்த தறிமேல் பழைய கோணியை மறுபடி போர்த்திவிட்டு, அதன் அடியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

நூல் நான் அடுக்கிக் காட்டிய அளவுதான் வந்தது. பக்கத்துத் தெருவில் மகனைத் திரும்ப அழைத்துக்கொண்டவர்கள் பாதி நாள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மாமா கிருத்திகைக்கு ஒரு நாள் வந்து, காவடிக் கூட்டம் கலைவதற்குள் ரயிலேறிவிட்டார். குழந்தை பிறந்தபோதும் அவர் இல்லை. அக்கா அந்தக் கணக்கைப் பற்றி என்னிடம் பிறகு பேசியதே இல்லை.

தப்பாகச் சொல்லி நான் முட்டி போட்ட வலி அன்று சாயந்திரமே போய்விட்டது. சரியாகச் சொல்லி அக்காவை அழவைத்தது மட்டும், இந்த வயதிலும் என்னை விடவில்லை.