தவராசா அண்ணையும் திருவிழா விஞ்ஞாபனமும்

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் அந்தச் செய்தி பக்கத்து ஒழுங்கைக்கு வருவதற்கு முன் கனடாவுக்குப் போய்விடும். தவராசா அண்ணையின் செய்தியும் எனக்கு அப்படித்தான் வந்தது. பாடசாலையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது ரொறன்ரோவிலிருந்து மைத்துனன் அழைத்து, "அத்தான், உங்கடை தவராசா அண்ணை மோசம் போட்டாராம், மெய்யோ?" என்று கேட்டான். காலையில்தான் சந்திக் கடையில் அவர் பாண் வாங்கியதைக் கண்டேன், விசர்க்கதை கதைக்காமல் போனை வை என்று அவனைத் திட்டினேன். பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். அவருடைய வீட்டு வாசலில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். மாரடைப்பு என்றார்கள். மைத்துனனிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் சொன்னது பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரை அறிந்தவர்கள். வெளிநாடுகளில் வளரும் உங்கள் பிள்ளைகளுக்காக மட்டும் ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். தவராசா அண்ணை தொழிலால் லிகிதர், கந்தோர் ஒன்றில் எழுத்து வேலை. தினமும் கரவெட்டிக்கு மோட்டார் சைக்கிளில் போய் வருவார். எங்கள் கோயில் பரிபாலன சபைக்கு நீண்ட காலம் செயலாளர். நான் வர்த்தகம் படிப்பிக்கிறவன், சபையில் அவருக்கு உப செயலாளர். அவர் என்னை 'மாஸ்ரர்' என்பார், நான் அவரை 'அண்ணை' என்பேன், இருவரும் ஒரு கூட்டத்திலாவது ஒத்துப்போனதாக நினைவில்லை. எதையும் ஆறுதலாகத்தான் செய்வார். ஒரு வரி தட்டச்சு செய்துவிட்டு அதை வாய்க்குள் வாசித்துப் பார்ப்பார், பிறகு விசைப்பலகையை ஊதுவார். கடலுக்குப் பக்கத்தில் வீடு, உப்புக் காற்று உள்ளே போய்விடுமாம். பக்கத்தில் இருந்து பார்க்கிறவனுக்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது.

சபைக்கு முதன்முதலில் ஒரு மடிக்கணினி வந்தபோதே எங்கள் சண்டை தொடங்கிவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் தான் பாவித்ததை அனுப்பியிருந்தார். நான் அதை நெல்லியடிக்குக் கொண்டுபோய், எல்லோரும் செய்வதுபோல ஒரு கடையில் அலுவலக மென்பொருளைப் போட்டுக்கொண்டு வந்தேன். காசுக்கு விற்கும் மென்பொருள்தான், ஆனால் கடைக்காரர் அதைக் காசு கொடுத்து வாங்கியவர் அல்ல. தவராசா அண்ணை கணினியைத் திறந்து பார்த்துவிட்டு, இதற்கு ரசீது எங்கே என்று கேட்டார். நான் சிரித்தேன். யாழ்ப்பாணத்தில் யார் இதற்கு ரசீது கேட்கிறார்கள்? அவர் சிரிக்கவில்லை.

"மாஸ்ரர், சுவாமிக்கு வைக்கிற பூவை ஆரின்ரையும் வேலிக்குள்ளை கைவிட்டுப் பிடுங்குவமோ?" என்றார்.

எங்கள் ஊரில் பாதிப் பேர் விடிய எழும்பி அதைத்தானே செய்கிறார்கள் என்றேன். தான் பிடுங்குவதில்லை என்று சொல்லிவிட்டு அந்த மென்பொருளை அழித்தார். அடுத்த நாள் தன் மகளைக் கொண்டு ஒரு கட்டற்ற மென்பொருளை இறக்கினார். உலகெங்கும் பலர் சேர்ந்து எழுதி, விரும்பியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கும் மென்பொருள் அது. கடிதம் எழுதலாம், கணக்குப் போடலாம், அட்டவணை கீறலாம். பார்ப்பதற்கு மற்றதன் ஏழைத் தம்பி மாதிரி இருந்தது. நான் அப்படித்தான் சொன்னேன். அவர் விசைப்பலகையை ஊதினார்.

அந்த ஏழைத் தம்பிதான் அந்த வருடமே ஊரை இரண்டாக்கப் பார்த்தது. திருவிழாவுக்கு முன் நாங்கள் அடித்து வீடு வீடாகக் கொடுக்கும் விஞ்ஞாபனத்தை நீங்கள் அறிவீர்கள். இடப்பக்கம் முதலாம் திருவிழா, இரண்டாம் திருவிழா என்று நாட்கள் வரும், வலப்பக்கம் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே அன்றைய செலவை ஏற்றுச் செய்யும் உபயகாரர் குடும்பத்தின் பெயர் வரும். ஐந்தாம் திருவிழாக் குடும்பத்தின் பெயர் எப்போதும் நீளம். பிள்ளைகள் போன நாடுகளையெல்லாம் பெயருக்குப் பின்னால் போட வேண்டும் என்பது அவர்களின் விருப்பம். அந்த வருடம் கடைசி மகன் போய்ச் சேர்ந்ததால் அவுஸ்திரேலியாவும் சேர்ந்தது. அண்ணையின் கணினியில் எல்லாம் ஒரே வரிக்குள் அடங்கியது. அச்சகத்தில் இருந்தது காசுக்கு விற்கும் மென்பொருள். அங்கே கோப்பைத் திறந்தபோது எழுத்து கொஞ்சம் அகன்றுவிட்டது. அவுஸ்திரேலியா அடுத்த வரிக்கு இறங்கி ஆறாம் திருவிழாவுக்கு எதிரே போய் நின்றது. அதற்குக் கீழே இருந்த எல்லாப் பெயர்களும் ஒரு படி இறங்கிவிட்டன. யாரும் கவனிக்கவில்லை. விஞ்ஞாபனம் அச்சாகி ஊர் முழுக்கப் போய்விட்டது.

மற்றவர்களுக்கு அது சிரிப்பு. தேர் யாருடையது, தீர்த்தம் யாருடையது என்று எங்கள் ஊரில் தாளைப் பார்த்துத்தானா தெரிய வேண்டும்? பூரணமக்காவுக்கு மட்டும் அது சிரிப்பல்ல. ஆறாம் திருவிழா அவருடைய தகப்பன் வழி வந்தது. கடலோடிக் குடும்பம், சகோதரர்கள் எல்லோரும் வெளிநாட்டில். கணவரும் இல்லாமல் தனியாக நின்று அவர்தான் அந்த நாளைச் செய்து வந்தார். ஆண்பிள்ளைகள் இல்லாத இடத்தில் உபயம் எப்படி நிற்கும் என்று ஐந்தாம் திருவிழாக்காரர் முன்பிருந்தே கதைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அச்சிலேயே ஆறாம் நாளுக்கு எதிரே அவர்களுடைய பெயரின் வால் நின்றது. அச்சாகி வந்துவிட்டது, இந்த முறை அப்படியே போகட்டும், அடுத்த முறை பார்க்கலாம் என்று அவர்கள் சபைக்குச் சொல்லியனுப்பினார்கள். ஒருமுறை விட்டால் அது அடுத்த முறை திரும்பி வராது என்பது எல்லோருக்கும் தெரியும்.

சபை கூடியது. பூரணமக்கா விஞ்ஞாபனத்தை மடித்துக் கையில் பிடித்தபடி வாசலோடு நின்றார். நான் எழுந்து, எல்லாம் சும்மா கிடைத்த மென்பொருளால் வந்த வினை என்று தொடங்கினேன். அண்ணையைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன், கொஞ்சம் குத்திக்காட்டவும்தான். அவர் என்னை இருக்கச் சொன்னார்.

"மென்பொருளிலை பிழையில்லை. ஒவ்வொரு பேருக்கும் தனித்தனிப் பெட்டி போட்டிருக்கோணும். நான் எல்லாப் பேரையும் ஒரு பெட்டிக்குள்ளை ஒண்டுக்குக் கீழை ஒண்டா அடிச்சுப் போட்டன். மேலை ஒண்டு அசைய எல்லாம் அசைஞ்சு போச்சு. பிழை என்ரை" என்றார்.

தலைவர் நல்ல மனிதர், ஆனால் யாரையும் பகைக்க விரும்பாதவர். ஒலிபெருக்கியில் ஒரு அறிவித்தல் சொன்னால் போதாதா என்றார். "அச்சிலை போனது அச்சிலைதான் திரும்பி வரோணும்" என்றார் அண்ணை. அன்றைக்கே பெட்டிகளைப் புதிதாகக் கீறி, ஒவ்வொரு பெயரையும் தன் நாளுக்கு எதிரே இருத்தி, அச்சகத்துக்குத் தானே போய்ப் பக்கத்தில் நின்று அடிப்பித்தார். பிறகு நாங்கள் இருவரும் வீடு வீடாகப் போய்ப் பழையதை வாங்கிப் புதியதைக் கொடுத்தோம். ஐந்தாம் திருவிழாக்காரரின் வீட்டிலும் ஏறினோம். பெரியவர் புதியதை வாங்கிப் பார்த்துவிட்டு, அவுஸ்திரேலியா இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றார் அண்ணை. பழையதை அவர் எடுத்துத் தரும்வரை வாசலிலேயே நின்றார்.

பூரணமக்கா எங்களுக்குப் பிளேன்ரீ போட்டுத் தந்துவிட்டு, புதிய விஞ்ஞாபனத்தைத் தூரப் பிடித்து வாசிக்கப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் முடியவில்லை. "தவம், எனக்கு உந்தக் கொம்பியூட்டர் கதை ஒண்டும் விளங்காது. என்ரை நாள் எனக்குக் கிடக்கோ?" என்றார்.

"கிடக்கு அக்கா."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். நாங்கள் தேநீரைக் குடித்துவிட்டுச் சொல்லாமலே வந்தோம். ஒழுங்கையில் வரும்போது, விஞ்ஞாபனத்தை அந்த அக்காவால் வாசிக்க முடியவில்லையே என்பதையே அண்ணை திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடுத்த வருடம் தொடங்கிய வழக்கம் அதிலிருந்து வந்தது. விஞ்ஞாபனம் அச்சுக்குப் போகுமுன், ஒரு வெள்ளிக்கிழமை மாலைப் பூசை முடிந்ததும், அவர் மண்டபத்தில் நின்று நாளையும் பெயரையும் உரக்க வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் நிறுத்திக் காத்திருப்பார். அந்தக் குடும்பத்தில் ஒருவர் ஒப்புக்கொண்டு 'ஓம்' என்ற பிறகுதான் அடுத்த நாளுக்குப் போவார். எட்டாம் திருவிழா அவருடைய குடும்பத்துடையது. அதை வாசித்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துத் தானே 'ஓம்' என்பார். சிறுவர்கள் அதற்காகவே காத்திருந்து சிரிப்பார்கள். இது ஒரு புதுச் சடங்கா என்று நானும் பகிடி பண்ணியிருக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் ஊரில் ஒரு பெயரும் இடம் மாறவில்லை.

அந்த விஞ்ஞாபனக் குழப்பத்தைக் கேள்விப்பட்டு, லண்டனிலிருந்து தலைவரின் மருமகன் சபைக்கு மென்பொருளை முறைப்படி வாங்கித் தருவதாகவும், சந்தாவை வருடா வருடம் தானே கட்டுவதாகவும் சொன்னார். இதில் களவு இல்லை. அண்ணைக்கு மறுக்க இடமில்லை என்று நான் மகிழ்ந்தேன். அச்சகம் அதில்தான் வேலை செய்கிறது, அரச திணைக்களக் கடிதங்கள் அதில்தான் வருகின்றன, பிள்ளைகள் அதைத்தான் படிக்கிறார்கள் என்று எழுந்து பேசினேன். நான் சொன்னது நியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவரும் அதை மறுக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் ஒரு வருசம் அவருக்கு வேலை போச்செண்டால் நாங்கள் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? தேர் வெளிநாட்டுக் காசு, மணி வெளிநாட்டுக் காசு. எங்கடை பேருகள் கிடக்கிற கோப்பையெண்டாலும் நாங்களே திறப்பம்" என்றார். அச்சகத்துக்கு இனி இரண்டு கோப்பு அனுப்புவதாகவும் சொன்னார், ஒன்று திருத்தக்கூடியது, மற்றது எந்தக் கணினியில் திறந்தாலும் ஓரெழுத்தும் அசையாதது. சபை அவர் பக்கம் போனது. நான் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

பழிவாங்க எனக்கும் ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. மகளுக்குக் கொழும்பில் வேலை கிடைத்தபோது அவர் அவளுக்கு காசுக்கு விற்கும் அந்த மென்பொருளையே, அசல் பிரதியாக, வாங்கிக் கொடுத்தார். கட்டற்றவருடைய மகளுக்குக் கட்டணமா என்று சந்திக் கடையில் நாலுபேர் கேட்கக் கேட்டேன். அவர் கொஞ்சமும் சங்கடப்படவில்லை. "அவளின்ரை கந்தோர் அதிலைதான் ஓடுது, அவளுக்கு அதுதான் சரி. வாங்கிறதெண்டால் வாங்கு, சும்மா எடுக்கிறதெண்டால் தாறவனிட்டை எடு. ரெண்டுக்கும் நடுவிலை நிக்கிறதுதான் எனக்கு ஏலாது" என்றார். பாண் சுற்றிய கடதாசியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று பின்னேரம் நான் என் சொந்தக் கணினியில் இருந்த களவுப் பிரதியை அழித்தேன். இதை அவரிடம் நான் சொல்லவேயில்லை. சொல்லியிருந்தால் பெரிதாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், ஒருமுறை ஊதியிருப்பார்.

அவர் மாசியில் போனார். திருவிழா ஆனியில். ஆண்டுத் திவசம் முடியும்வரை அவருடைய வீட்டார் கோயில் காரியம் செய்ய முடியாது. எட்டாம் திருவிழாவை என்ன செய்வது என்று சபை கூடிப் பேசியது. வெளிநாட்டில் இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரு நாள் கிடைக்காதா என்று காத்திருந்தன. இந்த வருடத்துக்கு மட்டும் அவர்களில் ஒருவருக்குக் கொடுக்கலாம், அவர்களின் பெயரையும் போடலாம் என்று தலைவர் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அப்போது வாசலில் நின்ற பூரணமக்கா உள்ளே வந்தார்.

"அந்த நாளை நான் பாக்கிறன். என்ரை பேர் வேண்டாம். அவரின்ரை பேர் அவரின்ரை இடத்திலையே கிடக்கட்டும்."

ஐந்தாம் திருவிழாப் பெரியவர்தான் முதலில் சரி என்று தலையாட்டினார்.

இப்போது விஞ்ஞாபனம் தட்டுவது என் வேலை. அண்ணையின் கோப்பை என் கணினியில் அதே கட்டற்ற மென்பொருளில் திறந்தேன். யாரிடமும் அனுமதி கேட்காமல் திறந்தது. எட்டாம் திருவிழாவுக்கு எதிரே அவருடைய பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று தட்ட வேண்டும். நாலே எழுத்து. எழும்பி வெளியே போய் வந்து, திரும்பவும் இருந்து தட்டினேன். பெயர் நீண்டு இரண்டு வரியானது. அதற்குக் கீழே ஒன்பதாம் திருவிழா அசையவில்லை, தேர் அசையவில்லை, தீர்த்தம் அசையவில்லை. நான் அழுதேன் என்றால் அவரை அறிந்தவர்கள் நம்புவீர்கள்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை இரண்டுதான். ஒன்று அந்தக் கோப்பு. மற்றது, ஒரு பெயரை வாசித்தால் அதற்குரியவர் வாய் திறக்கும்வரை காத்திருக்கும் பழக்கம். பொறுமை இல்லாத எனக்கு இரண்டாவது பெரிய சொத்து.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் நின்று வாசித்தேன். ஆறாம் திருவிழாவுக்குப் பூரணமக்கா 'ஓம்' என்றார். ஏழுக்கும் குரல் வந்தது. "எட்டாம் திருவிழா, அமரர் தவராசா குடும்பம்" என்று வாசித்துவிட்டு நிறுத்தினேன். அவருடைய வீட்டார் யாரும் அங்கே இல்லை. வழக்கமாகச் சிரிக்கும் சிறுவர்களும் சிரிக்கவில்லை. யாராவது சொல்லும்வரை காத்திருப்பது என்று நின்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து பூரணமக்காவின் குரல் இரண்டாம் முறையாக வந்தது.

"ஓம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒன்பதாம் திருவிழாவை வாசித்தேன்.