நாத்தனாருக்குக் கொடுத்த மாத்திரை

கடையில் அவளை எல்லோரும் 'லென்சு' என்றுதான் கூப்பிட்டார்கள். முன்பக்கம் மூக்குக் கண்ணாடிக் கடை. பின்பக்கம், தடுப்புக்கு அப்பால், ஜன்னலே இல்லாத சின்ன அறை. அங்கே சுழலும் அரவைக் கல்லின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். வட்டமாக வரும் லென்ஸைப் பிடித்து, ஃபிரேமின் வடிவத்துக்கு ஓரம் அரைத்து, துடைத்து, பொருத்தித் தருவது அவள் வேலை. மயிரிழை கூடினால் ஃபிரேம் மூடாது, குறைந்தால் லென்ஸ் கழன்று விழும். அவள் கைப்பட்ட லென்ஸில் இரண்டுமே நடந்ததில்லை. எல்லோரிடமும் எரிந்து விழுகிற முதலாளி அவளிடம் மட்டும் குரலை உயர்த்த மாட்டார்.

முதல் குழந்தை வயிற்றில் இருக்கிறது என்று தெரிந்தபோது இரண்டு மாதம் தாண்டிவிட்டிருந்தது. பித்தம் என்று நினைத்து அதுவரை எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு லென்ஸ் அரைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் இரும்புச்சத்து மாத்திரையும், ஃபோலிக் ஆசிட் என்று மஞ்சளாக ஒரு சின்ன மாத்திரையும் கொடுத்தார்கள். இரும்பு மாத்திரை உள்ளே போனால் குடலைப் பிடுங்கிக்கொண்டு வரும். வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, இன்னொன்று எடுத்துப் போட்டுக்கொள்வாள். ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டும் அவள் புருஷன் சிரிப்பான். "இத்தனை இரும்பு போனா, பிள்ளை கையில ஸ்பேனரோடதான் வெளிய வரும்."

ஆறாம் மாத ஸ்கேனில் டாக்டரம்மா ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்து பார்த்தாள். குழந்தையின் முதுகுத்தண்டு கீழே ஓரிடத்தில் மூடிக்கொள்ளாமல் திறந்தே இருந்தது.

பெண் குழந்தை. பிறந்த மறுநாளே முதுகில் ஆபரேஷன். கால்கள் இரண்டும் துணிபோலக் கிடந்தன. அழுதால் கை மட்டும் ஆடும். பிறகு தலையில் நீர் கோத்துக்கொண்டது, அதற்கொரு ஆபரேஷன். முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்த சமயத்தில் காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் போகவில்லை, குழந்தைதான் போனது.

மாமியார் வாய்விட்டே சொன்னாள். "எங்க காலத்துல எவ மாத்திரை தின்னா? கண்டதையும் முழுங்கினா பிள்ளைக்கு ஆகுமா?" அப்படியும் இருக்குமோ என்று அவளுக்கே உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் வேலைக்கு நடுவில் எழுந்துபோய் டாக்டரம்மாவிடமே கேட்டாள். "மாத்திரையாலதான் இப்படி ஆச்சா?"

"சேச்சே, இல்லம்மா. ஃபோலிக் ஆசிட் இது வராம தடுக்கத்தான். ஆனா..." டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினாள். "முதுகுத்தண்டு முதல் மாசத்துலயே மூடி முடிஞ்சிடும். உனக்கே தெரியறதுக்கு முன்னாடி. அதனால, கரு தங்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும். அப்பவும் நூத்துக்கு நூறு தடுக்கும்னு சொல்ல முடியாது. நிறைய தடுக்கும்."

"யாரும் சொல்லலையே!"

"நீ முன்னாடியே வந்திருந்தா சொல்லியிருப்போம்."

"உடம்புக்கு ஒண்ணுமில்லாதவ எதுக்கு டாக்டர் ஆஸ்பத்திரிக்கு வரப்போறா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். இனி பிள்ளைக்கு முயற்சி செய்வதானால், முந்தியதைவிட அதிக அளவு மாத்திரையை முன்கூட்டியே தொடங்கச் சொல்லி எழுதிக்கொடுத்தாள். அவள் வாங்கிச் சாப்பிட்டாள். புருஷன் மட்டும் இரவானால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். "இன்னொண்ணையும் மண்ணுல வைக்க எனக்குத் தெம்பில்ல" என்றான்.

அப்படியிருக்கும்போது நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வெளியூரில் மின்வாரிய வேலை. கல்யாணத்துக்கு மாதக்கணக்கில் நாள் இருந்தது. லென்சு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், டாக்டரம்மாவைக் கேட்டு, சாதாரண அளவு மாத்திரையை வாங்கிக் கொடுத்தாள். "தினம் ஒண்ணு. கல்யாணத்துக்கப்புறமும் விடாத."

மாமியார் சில்லறை தேடி மகள் கைப்பையில் கைவிட்டபோது அட்டை அகப்பட்டது. அந்த மஞ்சள் மாத்திரையை அவளுக்குத் தெரியாதா? வீடே அதிர்ந்தது. மகள் கன்னத்தில் பளாரென்று ஒன்று விழுந்தது.

"யாருடி அவன்?"

"எவன்மா? மாப்பிள்ளையையே நான் இன்னும் போட்டோவுலதான் பாத்திருக்கேன்!"

"அப்ப கர்ப்ப மாத்திரை எதுக்குடி?"

சமையலறையிலிருந்து லென்சு ஓடிவந்தாள். "அத்தை, நான்தான் குடுத்தேன்." மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். மாமியார் பாதியில் மறித்தாள். "உனக்கு நடந்தது பத்தாதா? என் பொண்ணு வயித்துலயும் கைவைக்கணுமா?"

அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. நாத்தனார் அம்மா கையிலிருந்த அட்டையைப் பிடுங்கினாள். ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டு, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினாள். "அண்ணி சொன்னா நான் சாப்பிடுவேன்" என்றாள்.

அதன்பிறகு கல்யாணம்வரை மாமியார் மருமகளோடு பேசவில்லை.

நாத்தனாருக்கு ஆண்குழந்தை பிறந்தது. எல்லோரும் வேனிலேயே அந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். லென்சு கட்டிலருகே நின்றாளே தவிர குழந்தையைத் தூக்கவில்லை. "தூக்குங்க அண்ணி" என்று நாத்தனார் அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, குழந்தையை மடியில் வைத்துவிட்டாள். லென்சு குழந்தையின் சட்டையை விலக்கி, முதுகில் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரு விரலை மெல்ல ஓட்டினாள். லென்ஸ் விளிம்பில் பிசிர் பார்க்கிற அதே விரல். எங்கும் தடுக்கவில்லை. குழந்தை அவள் வயிற்றில் ஓங்கி ஓர் உதை விட்டது.

மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து வந்து, கூட்டத்துக்கு முன்னாலேயே மருமகளின் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. லென்சுக்கும் அது போதவில்லை. போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மாமியார் மகளோடு தங்கிவிட்டாள். திரும்பும் வழியில் வேனில் லென்சும் புருஷனும் மட்டும்.

"பையன் யாரை மாதிரி இருக்கான்?" என்று கேட்டான். அறைக்குள் வராமல் வராந்தாவிலேயே நின்றுவிட்டவன் அவன்.

"ஜாடையெல்லாம் தெரியல. நல்லா உதைக்கிறான்."

அவன் கொஞ்சதூரம் ஓட்டினான். பிறகு ஓரங்கட்டி நிறுத்தி, ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். குழந்தை போன அன்று ஆளுக்கு ஆள் தேற்றியபோது கல்லாக நின்றவன், இப்போது தோள் குலுங்கக் குலுங்க அழுதான். அவள் அவன் முதுகில் கையை வைத்தாள். எடுக்கவில்லை. லாரிகள் போகிறபோதெல்லாம் வேன் ஆடியது.

"இன்னும் அந்த மாத்திரையைச் சாப்பிடறியா?" என்று அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"சாப்பிடறேன்."

"எனக்குப் பயமா இருக்குடி."

"எனக்கு மட்டும் என்னவாம்?" என்றாள் அவள். "சரி, வண்டியை எடு. விடிஞ்சா வேலை இருக்கு."