கறுப்புச் சட்டைக்கு ஒரு மஞ்சள் வரலாறு

அடுத்தவர் வரலாற்றை மாதச் சம்பளத்துக்கு எழுதிக் கொடுப்பது பல் பிடுங்குவதைப் போன்ற தொழில். வலியெல்லாம் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான். முதலாளி சொன்னார் என்பதற்காக, நீங்கள் நம்பாத ஒன்றை நயமாக எழுதிக் கொடுத்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இல்லையென்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, அல்லது நீங்களே முதலாளி.

ஐம்பத்து மூன்று வயதில் ஐ.டி. வேலை போய், அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் வீட்டோடு இருந்தேன். கோயில் ஆண்டு மலரை நான் தொகுத்த விதம் பிடித்துப்போய் ஓர் எலும்பு டாக்டர் கூப்பிட்டார். அவரும் இன்னும் நான்கு டாக்டர்களும் சேர்ந்து இங்கிலாந்தில் ஒரு சின்னக் கால்பந்து கிளப்பை வாங்கியிருந்தார்கள். பார்சிப்பனியில் அவருடைய கிளினிக்கின் மாடியில் எனக்கு ஓர் அறை. கிளப்பின் வரலாறு, அடையாளம், ரசிகர்களின் கடிதங்கள் எல்லாம் என் பொறுப்பு. கிளப்பின் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த ஊர்க்காரர்களுக்கு நாங்கள் கொடுத்த தொல்லை போதும்.

சந்தனம் வைக்க இடமில்லை

முதல் வாரம் கிளப்பின் சட்டை பார்சலில் வந்தது. புதிதாக எது வாங்கினாலும் சாமி முன் வைத்து சந்தனம், குங்குமம் இடுவது டாக்டர் வீட்டு வழக்கம். டாக்டரின் மனைவி, எங்களுக்கெல்லாம் மேடம், விரலில் சந்தனத்தோடு தயாராக நின்றார். உறையைப் பிரித்தேன். கழுத்திலிருந்து கீழ்விளிம்பு வரை ஒரே கறுப்பு. "நல்ல காரியத்துக்குப் போய் கறுப்பா? மஞ்சளா மாத்தச் சொல்லுங்க" என்று மேடம் உள்ளே போய்விட்டார்.

டாக்டர் விஞ்ஞானத்தை நம்புகிறவர், சிரித்துவிட்டுப் போவார் என்று நினைத்தேன். அவர் சட்டையை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். "மூர்த்தி, எக்ஸ்ரே பார்க்காம நான் எதையும் நம்ப மாட்டேன். ஆனா தொடர்ந்து தோத்துக்கிட்டே இருக்கோம், கறுப்பு காரணம் இல்லேன்னு உங்களால நிரூபிக்க முடியுமா?"

துவைத்து மாளவில்லை

ஏன் கறுப்பு என்று ரசிகர் சங்கச் செயலாளருக்கு எழுதிக் கேட்டேன். பெயர் மார்கரெட், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீரம், தியாகம் என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுதியது இவ்வளவுதான்: கிளப்பைத் தொடங்கியவர்கள் ஆற்றங்கரையில் நிலக்கரி இறக்கியவர்கள். வேலை முடிந்த கையோடு ஆட வந்துவிடுவார்கள். வெள்ளைச் சட்டை ஒரு வாரம்கூட வெள்ளையாக இருக்கவில்லை. வீட்டுப் பெண்கள் ஒருநாள் எல்லாச் சட்டைகளையும் அள்ளிக் கறுப்புச் சாயத்தில் போட்டுவிட்டார்கள்.

எனக்குக் கை சும்மா இருக்குமா? 'உழைக்கும் மக்களின் கம்பீரம்' என்று தலைப்பிட்டு ஒரு பக்கத்துக்கு நீட்டி அவருடைய ஒப்புதலுக்கு அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது: "கம்பீரம் எல்லாம் வேண்டாம், துவைத்து மாளவில்லை என்றே போடுங்கள், நாங்கள் அவ்வளவுதான், அதில் எங்களுக்கு வெட்கமும் இல்லை."

கருதியவர் யார்?

ரசிகர்களோடு கலந்து பேசாமல் நிறத்தை மாற்றினால் சிக்கல் வரும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். "அப்போ ஹிஸ்டரியில எங்கயாவது மஞ்சள் இருக்கும், தேடுங்க" என்றார் டாக்டர். பழைய செய்தித்தாள் நறுக்குகளை இரண்டு வாரம் கண் வலிக்கத் தேடினேன். மஞ்சளாக இருந்தது காகிதம் மட்டும்தான். கடைசியில், 'தொடக்க காலத்தில் சில ஆட்டங்களில் அணி மஞ்சள் அணிந்ததாகக் கருதப்படுகிறது' என்று எழுதினேன். கருதியது நான் ஒருவன்தான்.

"டாக்டர், இதுக்கு ஆதாரம் கிடையாது" என்று சொல்லத்தான் செய்தேன். ஆனால் எப்படிச் சொன்னேன் என்று இப்போது யோசித்தால், மறுப்பு சொன்ன மாதிரியும் இருக்க வேண்டும், வேலையும் நிலைக்க வேண்டும் என்கிற குரல்தான் அது. அவர் என் தோளில் தட்டினார். "இருநூறு வருஷம் அவன் நமக்கு ஹிஸ்டரி எழுதினான்யா, நாம அவனுக்கு ஒரே ஒரு வரி எழுதக்கூடாதா?"

கேசரியும் மஞ்சள்

என் வரியைச் சங்கத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டோம். பதில் வருவதற்குள் சட்டை தைத்தாகிவிட்டது. மஞ்சளில் முதல் ஆட்டம் ஒரு சனிக்கிழமை. அங்கே மதியம், இங்கே காலை பத்து மணி. கிளினிக்கின் காத்திருப்பு அறையில் பெரிய டி.வி., ஐந்து டாக்டர் குடும்பங்கள், இட்லி, கேசரி. எங்கள் ஆட்டக்காரர்கள் மஞ்சளில் ஓடிவந்ததும் எல்லோரும் கைதட்டினோம்.

காமிரா ரசிகர்கள் பக்கம் திரும்பியது. கிழவர்கள், குழந்தைகள், டீ விற்கிறவர் உட்பட அத்தனை பேரும் கறுப்பு உடையில். பாட்டில்லை, கூச்சலில்லை, கைகளைக் கட்டிக்கொண்டு மழையில் நின்றார்கள். மேடம் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ஐயோ, அங்க யாருங்க தவறிட்டாங்க?"

ஒரு கேள்வி

அடுத்த வாரம் வீடியோவில் கூட்டம். அந்தப் பக்கம் கிளப் கேன்டீனில் முப்பது நாற்பது பேர், நடுவில் மார்கரெட், கையில் என் வரியின் அச்சுப் பிரதி. என் அப்பாவின் ஊரைப் பற்றி யாராவது ஒரு தகவலைத் தவறாகப் போட்டால் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் ஆதாரம் கேட்டுச் சண்டை போடுகிறவன் நான். "இதை எழுதியது யார்? எங்கே பார்த்தார்?" என்று அந்த அம்மாள் கேட்டபோது, அவர் கேட்டது எனக்கு என் குரலிலேயே கேட்டது. "நான்தான். எங்கேயும் பார்க்கவில்லை. நானாக எழுதினேன்" என்று சொல்லிவிட்டேன். டாக்டர் மைக்கை அணைத்தார். "என்ன மூர்த்தி, நம்ம ஆளா இருந்துக்கிட்டு இப்படிக் கவுத்துட்டீங்களே!"

அந்த மாதமே கறுப்பு திரும்பியது. நான் வேலையை விட்டுக் கிளம்புகிற அன்று மார்கரெட்டிடமிருந்து ஒரு மெயில். நன்றி என்று தொடங்கியதும் கொஞ்சம் நெகிழ்ந்துதான் போனேன். அடுத்த வரி: "ஆனால் நாங்கள் உங்களை மன்னித்துவிட்டதாக எங்கேயும் எழுதிவைக்காதீர்கள், அதற்கும் ஆதாரம் கிடையாது."

அந்தக் கிளப்புக்காக நான் எழுதியவற்றில் இரண்டு தரப்பும் ஒரு சொல்லையும் மாற்றாமல் ஏற்றுக்கொண்டது என் ராஜினாமா கடிதத்தை மட்டும்தான்.