லண்டன் சரக்கு என்று விற்ற பேட்

எனக்குச் சொந்தமாக ஒரு பேட்மிண்டன் பேட் வேண்டும் என்று நான் சொன்னபோது அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சோற்றிலிருந்து கையை எடுக்காமலே சிரித்தான்.

“இன்னா பேட்டு? கல்யாணம் பண்ற வயசுல பந்து வெளாடப் போறியா?”

“பந்து இல்ல, எறகு. ஆமா, வெளாடத்தான் போறேன்.”

அப்பாவும் அண்ணனும் மில்லில் தறி ஓட்டினார்கள். நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம், ஒரு பெண்கள் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சராக இருந்தேன். சாயங்காலம் பிள்ளைகள் போனதும் நாங்கள் நான்கு டீச்சர்கள் பள்ளியின் பின்பக்கம் சுண்ணாம்புக் கோடு போட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடுவோம். பேட்டுகள் எல்லாம் எங்களில் மூத்தவளுடையவை. அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த அவள் அண்ணன் சைகோனிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்த நல்ல இங்கிலீஷ் பேட்டுகள் அவை. இப்போது அந்த அண்ணன் குடும்பத்தையே பிரான்சுக்கு அழைத்துப் போவதாக இருந்தார்.

“ஒண்ண நீ வெச்சுக்கயேன்” என்றாள் அக்கா.

வேண்டாம் என்றேன். நானும் சம்பளம் வாங்குகிறவள். எனக்கு வேண்டியதை நானே வாங்கிக்கொள்ள வேண்டும் என்றிருந்தது.

தனியாகப் போகாதே என்று அம்மா அண்ணனையும் உடன் அனுப்பினாள். பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் விளையாட்டுச் சாமான் விற்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் துணி உறையிலிருந்து ஒரு பேட்டை உருவி என் முன்னால் வைத்தார். பிடிக்கு மேலே தங்க எழுத்தில் கம்பெனி பெயர் மின்னியது.

“லண்டன் சரக்கும்மா. கொடி மார்றதுக்கு முந்தி சுங்க வரி இல்லாம கப்பல்ல வந்தது. அதான் பாதி வெல.”

அக்காவின் பேட்டில் இருந்த அதே பெயர். ஆனால் எதுவோ இடித்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். நடுவில் ஒரு எழுத்தைக் காணோம். சொன்னேன்.

“நீ பிரெஞ்சு பள்ளிக்கூடத்துல படிச்சவதான? இங்கிலீஷ்ல அப்பிடித்தான் எழுதுவாங்க.”

எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. என் இங்கிலீஷ் அப்போது அரைகுறை. அண்ணன் வேறு, “தெரியாதத பேசாத. வாங்குனா வாங்கு, இல்லாட்டி வா” என்று வாசலுக்கு நடந்தான். நானும் வந்துவிட்டேன். ஆனால் வீடு வரைக்கும் அந்தப் பெயரையே எழுத்துக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் பள்ளி விட்டதும் அக்காவின் பேட்டை இரவல் வாங்கிக்கொண்டேன். அண்ணனிடம், “கடைக்குப் போறேன். வரதுன்னா வா” என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

கடையின் கண்ணாடி மேசைமேல் இரண்டு பேட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

“இது இன்னா கோர்ட்டா?” என்றார் கடைக்காரர்.

அக்காவுடையதில் விட்டுப்போன எழுத்து இருந்தது. எழுத்துகள் மரத்துக்குள் அழுந்தி இருந்தன. கடைக்காரருடையதில் அவை வார்னிஷுக்கு மேலே உட்கார்ந்திருந்தன. முந்தானை நுனியை நனைத்துத் தேய்த்தேன். தங்கம் முந்தானைக்கு வந்தது.

“ஏய், கைய எடு!” என்று அவர் எழுந்தார்.

நான் சுவரில் மாட்டியிருந்த பெயரில்லாத மலிவு பேட் ஒன்றையும் எடுத்து வைத்தேன். அதே துளை வரிசை, அதே தோல் பிடி, கழுத்தில் அதே பச்சை நூல் கட்டு.

“ரெண்டும் ஒரே பட்டறையில செஞ்சது. இதுல மட்டும் பேர் ஒட்டியிருக்கு” என்றேன்.

“அப்ப பேர் இல்லாதத வாங்கிக்கினு போயேன்.”

“அதத்தான் வாங்கப் போறேன். ஆனா பாத்துத்தான் வாங்குவேன்.”

பெயரில்லாதவை மூன்று இருந்தன. கண்ணாடிமேல் படுக்க வைத்தபோது முதலாவது ஒரு பக்கம் தூக்கி நின்றது, வளைந்த மரம். இரண்டாவதின் கழுத்தில் மயிரிழை போல விரிசல். மூன்றாவது மேசையோடு மேசையாகப் படிந்தது. நரம்பை விரலால் சுண்டினால் எல்லா இடத்திலும் ஒரே சத்தம். வீசிப் பார்த்தேன். அக்காவுடையதைவிடத் தலை கனம்தான், ஆனால் கை தாங்கும்.

“இது போதும்.”

“உனக்கு விக்க மாட்டேன். கடை என்னுது.”

“விக்கிற வரைக்கும் இங்கதான் நிப்பேன்” என்றேன். நகரவில்லை. அண்ணன் தெருவுக்கு இறங்கி, எனக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லாதது போல நின்றான்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் உள்ளே வந்து, “பேட் இருக்கா?” என்று கேட்டார். கடைக்காரர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேசைமேல் எழுத்து அழிந்து கிடந்த லண்டன் சரக்கைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மூன்றாவது பேட்டை என் பக்கம் தள்ளிக் காசை வாங்கிப் போட்டுக்கொண்டார். வாங்கிவிட்டோமே என்று நான் வாயை மூடிக்கொள்ளவில்லை. வந்தவரிடம், “எழுத்த ஈரத்துணியால தொடச்சுப் பாத்து வாங்குங்க” என்று சொல்லிவிட்டே இறங்கினேன்.

“பேப்பர்லயாவது சுத்திக்க” என்றான் அண்ணன். “தெருவே பாக்கும்.”

“பாக்கட்டும். திருடியா எடுத்துக்கினு வரேன்?”

அவன் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டான். நான் பேட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு மெதுவாகவே நடந்தேன்.

அது அருமையான பேட் என்று சொல்ல மாட்டேன். தீபாவளிக்குள் ஒரு நரம்பு அறுந்தது. மழைக்காலத்தில் மரம் கொஞ்சம் முறுக்கிக்கொண்டது. அம்மிக்கடியில் வைத்து நிமிர்த்தினேன். ஆனாலும் கொடுத்த விலைக்கு அது வஞ்சனை செய்யவில்லை. அக்கா பிரான்சுக்குப் போன பிறகு மற்ற இரண்டு டீச்சர்களும் என்னைக் கூட்டிக்கொண்டு போய் வேறு கடையில் ஆளுக்கொன்று வாங்கினார்கள்.

ஒரு நாள் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“டீச்சருங்க புடவையச் செருகிக்கினு குதிக்கிறது என் ரூம் ஜன்னல்லேர்ந்து தெரியுது. நல்லாவா இருக்கு?”

“அப்ப ஜன்னல மூடிக்குங்க, மதாம்” என்றேன்.

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் போகலாம் என்று கையைக் காட்டினார். அன்று சாயங்காலமும் ஆடினோம். ஜன்னல் திறந்தே இருந்தது.